காடு காத்த புதைமேடுகள்! டான்யூப் கரையில் 2,600 ஆண்டுகள் பின்னோக்கி ஒரு நடை

டான்யூப் என்றதும் வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் அகலமாக ஓடும் ஆறுதான் நினைவுக்கு வரும். அதே ஆறு தெற்கு ஜெர்மனியில், பிறந்த இடத்திலிருந்து இன்னும் அதிக தூரம் வராத நிலையில், சிற்றாறு போல வயல்களுக்கு நடுவே நெளிந்து போகிறது. உல்ம், சிக்மாரிங்கன் ஆகிய இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட அந்தப் பகுதியில், ஆற்றங்கரையில் இருக்கிறது ஹுண்டர்சிங்கன் என்ற சின்னக் கிராமம். அங்குள்ள அருங்காட்சியகத்தையும், பக்கத்தில் மேட்டில் இருக்கும் ஹாய்னேபுர்க் என்ற பழங்கால நகரத்தையும், காட்டுக்குள் இருக்கும் புதைமேடுகளையும் இணைத்து ஒரு தொல்லியல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 8 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் அரை நாள். நின்று நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு நாள்.

பாதை வயல்வெளியில் போய், புல்வெளியைக் கடந்து, காட்டுக்குள் நுழைகிறது. உயர்ந்த மரங்கள், காலடியில் சருகு. திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு குன்று எழுந்து நிற்கிறது. முதல் பார்வைக்கு இயற்கையான குன்று என்றுதான் தோன்றும். அதன் மேலும் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. ஆனால், சுற்றி வந்தால் சந்தேகம் வந்துவிடும். இயற்கை இவ்வளவு ஒழுங்கான வட்டத்தில் குன்று போடாது!

பெயர் ஹோமிஹெலே. உயரம் 13 மீட்டருக்கு மேல், அதாவது நான்கு மாடிக் கட்டடம் அளவு. குறுக்களவு 80 மீட்டருக்கு மேல். கி.மு. 600-ஐ ஒட்டிய காலத்தில் மனிதர்கள் மண்ணை வெட்டிச் சுமந்து வந்து, கொட்டி, எழுப்பிய கல்லறை இது. மத்திய ஐரோப்பாவில் இருக்கும் மிகப் பெரிய புதைமேடுகளில் ஒன்று. கட்டியவர்கள், கெல்ட்டுகள்.

ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படித்தவர்களுக்குக் கெல்ட்டுகளைத் தெரியும், பெயர் மட்டும்தான் புதிது. அதில் ரோமானியர்களைப் பறக்கவிடும் கால் மக்கள், கெல்ட்டுகளில் ஒரு பிரிவினர். ஆனால், அந்தக் கதை நடப்பது ஜூலியஸ் சீசர் காலத்தில். ஹோமிஹெலே அதற்கும் 500 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. (ஓபிலிக்ஸ் முதுகில் சுமக்கும் அந்த நெடுங்கல் கெல்ட்டுகளுடையதே அல்ல. அவர்களுக்கும் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தையது. சிரிப்புக்காக மன்னித்துவிடலாம்.) இந்தப் பழைய கெல்ட்டுகள் எழுதி வைத்தது எதுவும் இல்லை. மன்னர் பெயர் இல்லை, கல்வெட்டு இல்லை. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இருப்பது அவர்கள் கட்டிய ஊரும், புதைத்த விதமும்தான். அதனால்தான் இந்தக் காட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் இவ்வளவு மதிப்பு.

பெரிய மேடு, காலிக் கல்லறை

ஹோமிஹெலேவை முறையாகத் தோண்டியது 1936 முதல் 1938 வரை. தோண்டியவர் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ்டாவ் ரீக். காலத்தைக் கவனித்திருப்பீர்கள். ஜெர்மனியில் நாஜி ஆட்சி. இந்த அகழாய்வுக்குப் பின்னால் நின்றது ஹிட்லரின் எஸ்.எஸ். படை நடத்திய ‘முன்னோர் பாரம்பரிய’ அமைப்பு. தங்கள் இனத்தின் பழம்பெருமையை மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. மேட்டின் நடுவில், மிகப் பெரிய மனிதருக்காகக் கட்டிய மர அறையில் என்னென்ன கிடைக்கப்போகிறதோ என்று காத்திருந்தார்கள்.

அறை கிடைத்தது. பொருள்தான் இல்லை. அவர்களுக்கு 2,500 ஆண்டுகளுக்கு முன்பே வேறு சிலர் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். புதைத்துச் சில காலத்திலேயே திருடர்கள் மேட்டின் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டி, நேராக நடு அறைக்கே வந்து, துடைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். மணிகளும், தங்க இழைத் துணுக்குகளும், சவ ஊர்வலத்தில் வந்த வண்டியின் மிச்சங்களும் மட்டும் சிதறிக் கிடந்தன. திருடர்கள் அவ்வளவு துல்லியமாக வந்ததைப் பார்த்தால், உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். புதைக்கும்போது கூட்டத்தில் நின்று பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம்.

13 மீட்டர் உயரத்துக்கு மண் குவித்து ‘இங்கே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்’ என்று ஊருக்கே அறிவித்த பிறகு, திருடனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

ஆனாலும் அதே மேட்டில், நடு அறையிலிருந்து தள்ளி, திருடர்கள் கண்ணில் படாத இன்னொரு அறை இருந்தது. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பக்கத்தில் நான்கு சக்கர வண்டி, குதிரைச் சேணப் பொருட்கள், வெண்கலப் பாத்திரங்கள். ஆணுடன் ஒரு வில்லும், அம்பறாத்தூணியில் இரும்பு முனை போட்ட 51 அம்புகளும். பெண்ணிடம் கண்ணாடி மணிகள். இருவரும் கணவன் மனைவியா, ஒரே நேரத்தில் இறந்தார்களா என்பதற்கெல்லாம் அந்த அறையில் விடை இல்லை.

இந்த மேட்டின் துணித் துண்டுகளுக்கு ஒரு தனிக்கதை உண்டு. அவற்றில் இருந்த இழைகளைப் பார்த்துவிட்டு, இது பட்டு என்றார்கள். சீனப் பட்டு அந்தக் காலத்திலேயே டான்யூப் கரைக்கு வந்துவிட்டது என்று பல பத்தாண்டுகள் புத்தகங்களில் எழுதினார்கள். பிறகு நவீன முறையில் மறுபடி சோதித்தபோது பட்டு இல்லை என்று தெரிந்தது. இன்றும் பட்டுக் கதையை அப்படியே சொல்லும் சுற்றுலாக் குறிப்புகள் உண்டு, நம்பிவிட வேண்டாம். பட்டு இல்லாவிட்டாலும், நுணுக்கமான நெசவும் சாயமும் தெரிந்த மக்கள்தான் அவர்கள்.

எலும்பைத் தின்னும் மண்

ஹோமிஹெலே தனியாக இல்லை. அதைச் சுற்றிக் காட்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சின்ன மேடுகள் இருக்கின்றன. பாதையில் வேகமாகப் போனால் பாதிக்கு மேல் கவனத்தில் படாது. ஒரு ஆள் உயரம் இருப்பவை சில, முழங்கால் உயரத்துக்குத் தேய்ந்தவை சில. மரங்களுக்கு இடையே தரை மெதுவாகப் புடைத்து மறுபடி இறங்கினால், அது மேடு.

இவை இத்தனை ஆண்டுகள் தாங்கியதற்குக் காரணம் காடு. வயலில் இருந்த மேடுகளை ஏர் வருஷா வருஷம் சுரண்டித் தரைமட்டமாக்கிவிட்டது. காட்டில் ஏர் ஓடவில்லை. மர வேர்கள் உள்ளே புகுந்து கொஞ்சம் சேதம் செய்திருக்கும். ஆனால், அதே வேர்கள்தான் மழையில் மண் கரையாமல் பிடித்தும் வைத்திருக்கின்றன.

1999 முதல் 2002 வரை, அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து வந்த தொல்லியலாளர் பெட்டினா அர்னால்டின் குழு, ஹோமிஹெலேவுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி இருந்த இரண்டு சின்ன மேடுகளைத் தோண்டியது. அவற்றில் ஒன்றில் ஒரு போர்வீரரின் கல்லறை. இரும்பு வாள், ஈட்டி முனைகள், தலைக்கவசத்தில் இறகு செருகும் பிடி, ஒரு வெண்கல அண்டா. ஆள் மட்டும் இல்லை! இந்தக் காட்டு மண்ணில் அமிலத்தன்மை அதிகம். எலும்பைக் கரைத்துவிடுகிறது. உலோகம் படுத்திருந்த இடத்தை வைத்துத்தான் தலை எங்கே, இடுப்பு எங்கே என்று ஊகிக்க வேண்டும்.

ஆள் போய்விட்டார், அவருக்குக் கொடுத்தனுப்பிய பானத்தின் தடயம் இருந்தது. அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த படிவைச் சோதித்தார்கள். தேனும் மூலிகையும் சேர்த்துப் புளிக்கவைத்த மது. மறு உலகத்துக்குப் போகிறவர் வெறும் கையோடு போகக் கூடாது, அங்கே இருப்பவர்களுக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணமாக இருந்திருக்கும் என்கிறார்கள். மில்வாக்கியில் ஒரு மதுபானத் தயாரிப்பு நிலையத்தோடு சேர்ந்து அதே சேர்மானத்தில் காய்ச்சியும் பார்த்திருக்கிறார் அர்னால்ட்.

மேடுகளுக்குப் பக்கத்தில், காட்டுக்குள்ளேயே நாலு பக்கமும் மண் கரை போட்ட ஒரு சதுர வளாகமும் இருக்கிறது. புதைமேடுகள் எழுந்து சில நூற்றாண்டுகள் கழித்து வந்த கெல்ட்டுகள் போட்டது. பார்க்க அதிகம் இல்லை. அடுத்தடுத்த தலைமுறைகளும் இந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

வீடு எரிந்த இடத்தில் கல்லறை

காட்டிலிருந்து வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் ஹாய்னேபுர்க். டான்யூப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, மேட்டு நிலத்தில் இருக்கும் இந்த இடம் கி.மு. 6-ம் நூற்றாண்டில் ஒரு நகரமாகவே இருந்திருக்கிறது. கோட்டைக்குள் இருந்தது சின்னப் பகுதி. அதைச் சுற்றி 100 ஹெக்டேர் அளவுக்கு வெளிக் குடியிருப்புகள். 5,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், டான்யூப் ஆறு கெல்ட்டுகளின் நாட்டில், பைரீன் என்ற நகரத்துக்கு அருகே தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அந்த பைரீன் இதுதானோ என்று பல ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது மதில். கல் அடித்தளத்தின் மேல், வெயிலில் காயவைத்த சுடாத மண் செங்கல்லை அடுக்கி எழுப்பி, வெள்ளை பூசியிருக்கிறார்கள். மழையும் பனியும் கொட்டும் இந்த ஊரில் யாரும் இப்படிக் கட்டுவது இல்லை. மரமும் மண்ணும்தான் வழக்கம். மத்தியதரைக்கடல் பக்கத்துக் கட்டட முறையைத் தெரிந்த யாரோ இங்கே வந்து கட்டியிருக்க வேண்டும், அல்லது இங்கிருந்து போன யாரோ கற்றுக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். ஈர நாட்டில் சுடாத செங்கல் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். சுமார் 60 ஆண்டுகள் நின்றிருக்கிறது. கடைசியில் அதை அழித்தது மழை இல்லை, தீ. கி.மு. 540-ஐ ஒட்டி நகரமே எரிந்தது.

மதிலின் ஒரு பகுதியை இப்போது அதே இடத்தில் மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், மேலே கூரை போட்ட காவல் நடைபாதை, உள்ளே மர வீடுகள். குழந்தைகளுக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

ஆனால், பெரியவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் மதிலுக்கு வெளியே, வயலோரத்தில் இருக்கிறது. கீஸ்யூபல்-தால்ஹாவ் என்று அழைக்கப்படும் நான்கு மேடுகள். 1876-77-ல் இவற்றைத் தோண்டியபோது தங்கக் கழுத்து வளையங்கள் கிடைத்து, அன்றைக்கே பெரிய பேச்சானது. பிறகு நடந்த முறையான ஆய்வில்தான், மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. வீடுகள். தீக்கு முன்பு வெளிக் குடியிருப்பில் மக்கள் வாழ்ந்த வீடுகளின் தடயங்கள். நகரம் எரிந்த பிறகு, அந்த வீடுகள் இருந்த இடத்தின் மேலேயே மண்ணைக் குவித்துக் கல்லறை எழுப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த எதிரி தீ வைத்தானா, ஊருக்குள்ளேயே அதிகாரச் சண்டையா? தீக்குப் பிறகு மண் செங்கல் மதில் மறுபடி எழவில்லை. பழைய மரக் கோட்டை முறைக்கே திரும்பினார்கள். வெளிநாட்டு பாணியில் கட்டிய தலைவர்களை வீழ்த்தியவர்களின் கல்லறைகளா இந்த நான்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத மேட்டில் கிடைத்த தங்கம்

இதுவரை பார்த்த பெரிய மேடுகள் எல்லாம் யாரோ ஒருவர் முந்திக்கொண்டவை. ஹாய்னேபுர்க்கின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது மேடு என்றே சொல்ல முடியாத இடத்திலிருந்து.

ஆற்றின் எதிர்ப்பக்கத் தாழ்நிலத்தில் பெட்டல்ப்யூல் என்ற இடத்தில் சில புதைமேடுகள் இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் உழுது உழுது அவை வயலோடு வயலாகக் கிடந்தன. 2005-ல், உழுத மண்ணின் மேல் ஒரு தங்க ஊசிப்பிடிப்பு கிடந்தது. துணியை மடித்துக் குத்திக்கொள்ளும் அணிகலன். ஏர் ஒரு கல்லறையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அவசரமாகத் தோண்டினார்கள். உள்ளே இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு பெண் குழந்தை. தங்க நகைகளுடன்.

ஒரு குழந்தைக்கு இவ்வளவு தங்கமா? தானே சம்பாதித்து, போரில் வென்று பெயர் வாங்கும் வயதா அது? பிறப்பாலேயே அந்தஸ்து வந்த குடும்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம். அதனால் பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 2010-ல் கிடைத்தது, திருடர்கள் தொடாத ஒரு மர அறை.

இந்த முறை வயலில் உட்கார்ந்து தோண்டவில்லை. டிர்க் கிரௌஸ தலைமையிலான குழு, அறையைச் சுற்றி வெட்டி, மண்ணோடு சேர்த்து மொத்தமாக 80 டன் எடையுள்ள ஒரே கட்டியாகக் கிரேன் வைத்துத் தூக்கியது. டிசம்பர் மாதக் குளிரில் அதைப் பெரிய லாரியில் ஏற்றி லுட்விக்ஸ்புர்க் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், கூரையின் கீழே, அங்குலம் அங்குலமாகத் திறந்தார்கள்.

உள்ளே 30 வயதைக் கடந்த ஒரு பெண். தங்க மணிகள், அம்பர் நகைகள், கருநிற வளையல்கள். அறையில் இன்னொரு பெண்ணும் இருந்தார், எளிமையான நகைகளுடன். அவரருகே குதிரையின் நெற்றியில் கட்டும் வெண்கலக் கவசம். தங்கம் போட்டவர் தலைவி, மற்றவர் பணிப்பெண்ணா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால், குதிரைக் கவசத்தோடு புதைத்த பெண்ணை அவ்வளவு எளிதாகப் பணிப்பெண் என்று தள்ளிவிட முடியுமா? 2005-ல் கிடைத்த குழந்தையின் தங்க அணிகளும் இந்தப் பெண்ணின் அணிகளும் ஒரே வேலைப்பாடு. ஒரே பொற்கொல்லர் செய்தது போல இருக்கின்றன. தாயும் மகளுமா என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

காட்டு மண் எலும்பைத் தின்றது. இந்த ஈர மண் மரத்தையே காப்பாற்றி வைத்திருந்தது. எப்போதும் நனைந்தே இருந்ததால் அறையின் தரைப் பலகைகள் மக்கவில்லை. பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிட்டார்கள்: கி.மு. 583. எழுத்தே இல்லாத மக்களின் வரலாற்றில் இப்படி ஒரு துல்லியமான ஆண்டு கிடைப்பது சாதாரணம் இல்லை.

இதே போலத் தேய்ந்து தட்டையான மேடுதான், ஷ்டுட்கார்ட்டுக்கு அருகே ஹோக்டார்ஃபில் 1978-79-ல் தோண்டிய தலைவரின் கல்லறையும். வெண்கலக் கட்டிலில் படுத்திருந்த அவருடைய செருப்புக்கே தங்கத் தகடு பூட்டியிருந்தார்கள். எலும்பு மிஞ்சியிருந்ததால், 2024-ல் வெளியான மரபணு ஆய்வில் அவருக்கு ஓர் உறவினர் கிடைத்தார். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு பெரிய மேட்டில் புதைக்கப்பட்டிருந்த இன்னொரு தலைவர். ஹோக்டார்ஃப் தலைவர் அவருக்குத் தாய்மாமனாக இருக்க வேண்டும் என்கிறது ஆய்வு. பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாமல், மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போயிருக்கலாம் என்று இப்போது பேசுகிறார்கள். அப்படியானால், பெட்டல்ப்யூல் வயலில் அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் கொட்டிய தங்கத்துக்கு வேறொரு அர்த்தம் வருகிறது. அதிகாரம் போய்ச்சேர வேண்டிய வழியே பெண்கள்தான் என்றால், அந்தச் சின்னப் பெண் குழந்தையின் சாவு ஒரு குடும்பத்தின் இழப்பு மட்டும் இல்லையே.

போகிறவர்களுக்கு…

ஷ்டுட்கார்ட் அல்லது உல்ம் வரை வந்துவிட்டால், டான்யூப் ஓரமாகப் போகும் ரயிலில் ஹெர்பர்டிங்கன் வந்து, அங்கிருந்து ஹுண்டர்சிங்கனுக்குப் போகலாம். சைக்கிளில் சுற்றுபவர்களுக்கு டான்யூப் சைக்கிள் பாதை இந்தப் பக்கமாகவே போகிறது. ஹுண்டர்சிங்கன் அருங்காட்சியகம் இருப்பது பழைய தானியக் களஞ்சியத்தில். பக்கத்து ஹைலிக்ரோய்ட்ஸ்டால் கன்னிமடத்துக்கு விவசாயிகள் கொடுக்க வேண்டிய தானிய வரியைச் சேர்த்துவைத்த கட்டடம். முதலில் அதைப் பார்த்துவிட்டு நடந்தால், மேடு வெறும் மண்ணாகத் தெரியாது.

கோடையில் போனால் முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இந்தக் காடுகளில் உண்ணி அதிகம். கடித்தால் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். நடை முடிந்ததும் குழந்தைகளின் முழங்காலுக்குப் பின்பக்கம், காதோரம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். மேடுகளில் மண்ணைக் கிளறுவதோ, அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவதோ சட்டப்படி குற்றம். ஏனென்றால், காட்டில் இருக்கும் மேடுகளில் பல இன்னும் தோண்டப்படவில்லை. ஹோமிஹெலேவையே முழுதாகத் தோண்டி முடிக்கவில்லை.

குளிர்காலத்தில் ஹாய்னேபுர்க் திறந்தவெளி அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஆனால், காட்டை யாரும் மூடுவதில்லை. இலைகள் உதிர்ந்து, தரையில் லேசாகப் பனி படர்ந்திருக்கும் நாளில் போனால், கோடையில் புதருக்குள் மறைந்திருக்கும் சின்ன மேடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். எண்ணிப் பார்க்கலாம்.